ஏழாம் கிரீனுக்கு ஒரு ஜன்னல்

கோல்ஃப் மைதானத்தில் புல் வளர்ப்பது என்பது, வளர்ந்த உடனே வெட்டிப் போடுவதற்காக ஒன்றை உயிரைக் கொடுத்து வளர்க்கிற வேலை.

அந்த வேலையைத்தான் நான் மைசூரில் செய்துகொண்டிருக்கிறேன். சாமுண்டி மலை தெரிகிற ஒரு மைதானம். பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் கமிட்டி கூடிவிடும். அப்பா ஹனூர்ப் பக்கம் விவசாயி. நான் தோட்டக்கலை டிப்ளமா முடித்து இந்த வேலையில் சேர்ந்தபோது, "காட்டுல புல்லுப் புடுங்க ஆள் கிடைக்காம நான் அலையறேன், நீ அதை வளக்கறதுக்குச் சம்பளம் வாங்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்துக்கொண்டே இருந்தார். இப்போது நான் அங்கே சூப்பர்வைசர். மெம்பர்களுக்கு மேடம், வேலையாட்களுக்குச் செல்வியக்கா.

மார்கழியில் ரோஜாத் தொட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். அப்பார்ட்மென்டில் லிஃப்ட் பார்த்துக்கொள்கிறவர், தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர், ஹாஸ்டலில் சமைக்கிறவர் என்று, கெட்டுப்போனால் மட்டுமே எல்லோர் கண்ணிலும் படுகிற வேலையில் இருக்கிற அத்தனை பேரும் என் கட்சிதான். நீங்கள் படித்தால் போதும், மற்றவர்கள் கோல்ஃப் ஆடப் போகட்டும்.

பனி தட்டும் ரத்னக்கா

மைசூர்ப் பனி வேறு மாதிரி. தண்ணீர் உறைவதெல்லாம் கிடையாது. ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு, காலையில் மைதானம் முழுக்க வெள்ளையாக ஓர் ஈரம் படிந்திருக்கும், அவ்வளவுதான். பார்ப்பவர்கள் போட்டோ எடுப்பார்கள். எனக்கு அது தலைவலி. மைதானத்தில் கொடி நட்ட குழி இருக்கிற இடத்துக்குக் கிரீன் என்று பெயர். அங்கே புல்லைக் கம்பளம் மாதிரி ஒட்டக் கத்தரித்து வைத்திருப்போம். அந்தப் புல்மேல் பனி ரொம்ப நேரம் நின்றால் பூஞ்சை வந்துவிடும். அதனால் விடிந்ததும் முதல் வேலை, கிரீன் கிரீனாகப் போய்ப் பனியைத் தட்டுவது.

அதற்கு எங்களிடம் இருக்கிற ஆள் ரத்னக்கா. கொள்ளேகாலிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம், அங்கிருந்து எப்படியோ எங்கள் மைதானத்துக்கு வந்து சேர்ந்தவர். கையில் ஒரு நீளமான மூங்கில் கழி, நுனி மெலிந்து சாட்டையாக வளையும். அதைத் தேவராஜ மொஹல்லாக் கடைக்குத் தானே போய், கடைக்காரர் அலுத்துப்போகிற வரைக்கும் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துத்தான் வாங்கி வருவார். இடுப்போடு கழியை அணைத்துக்கொண்டு அரை வட்டமாக ஒரு வீச்சு வீசினால், நுனி புல்லைக் கீறாது, புல்லை விட்டு எழும்பவும் செய்யாது. வீசின இடத்தில் மட்டும் வெள்ளை போய்ப் பச்சை வரும். நானும் ஒரு நாள் அப்படி வீசிப் பார்த்தேன். கழி என் முழங்காலிலேயே பட்டது.

காலையில் முதல் ஆளாக ஆட வருகிற சாஃப்ட்வேர்ப் பையன்கள் ரெண்டு பேர் அன்றைக்கு ரத்னக்கா தட்டி முடிக்கிற வரைக்கும் ஆடாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னிடம் வந்து ரகசியம் மாதிரிச் சொன்னார்:

"மேடம், இடுப்பு இப்படித் திரும்பணும்னுதான் எங்க கோச் வருஷம் பூரா கத்தறாரு. இவங்க ஞாயித்துக்கிழமைல கிளாஸ் எடுப்பாங்களா?"

ஏழாம் கிரீனில் வெள்ளைப் புள்ளி

எங்கள் ஏழாவது கிரீனுக்கு ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. சாயங்காலம் இலையை மூடிக்கொண்டு தூங்கப் போகும், காலையில் வெயில் பட்டதும் விழிக்கும். ரொம்பப் பெரியது. மத்தியானம் நாங்கள் அத்தனை பேரும் டிபன் கேரியரைத் திறப்பது அதன் அடியில்தான். மழைக்காலம் முழுக்க அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. பனிக்காலம் வந்தால் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுகிறது. காலை வெயில் மரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும், நிழல் நீளமாகக் கிரீன்மேல் விழுந்து கிடக்கும். ரத்னக்கா எவ்வளவு தட்டினாலும் மிச்ச ஈரத்தை உலர்த்த வெயில் வேண்டுமே. இந்த வருடம் மரம் இன்னும் கொஞ்சம் படர்ந்துவிட்டது. கார்த்திகையில் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் புல்மேல் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக வெள்ளை. ஈரம் காய்ந்ததும் நூல் மறைந்தது, அந்த இடத்தில் புல் வைக்கோல் நிறத்தில் வட்டமாகச் செத்திருந்தது.

மைதானத்தைக் கவனிக்கிற கமிட்டிக்குத் தலைவர் நரசிம்மன் சார். பெரிய ஃபாக்டரியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். பேன்ட் மடிப்பு கத்தி மாதிரி இருக்கும். குரலை உயர்த்த மாட்டார், அதுதான் பயமாக இருக்கும். குடையின் நுனியால் வட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காரணம் என்னம்மா செல்வி?" என்றார். மருந்து, தண்ணீர், மண் என்று சுற்றி வளைத்திருக்கலாம். ஆனால் புல்லைப் பற்றி என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "நிழல் சார்" என்றேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "சங்கராந்தி முடிஞ்சதும் போட்டி. அதுக்குள்ள கிரீன் தேறலேன்னா மரத்தை எடுத்துட வேண்டியதுதான். அனுமதிக்கு ஏற்பாடு பண்ணறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புல்லுக்காரி நான், புல்லின் பக்கம் உண்மையைச் சொன்னேன், அதற்கு மரம் போகப் போகிறது. மரம் ஏறுகிற மாதேஷ் பக்கத்து சில்வர் ஓக் மரத்தில் காய்ந்த கிளை கழித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் எங்கள் ஹனூர்ப் பக்கம்தான், ஆனால் மைசூரிலேயே வளர்ந்ததால் தமிழும் கன்னடமும் சேர்ந்தே வரும். இறங்கி வந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்:

"அக்கா, இத வெட்டணும்னா வேற ஆளக் கூப்பிட்டுக்கோங்க. நான் அன்னிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துல தேங்கா பறிக்கப் போயிர்றேன், பேஜாரு மாடிக்க வேண்டாம், கோவிச்சுக்காதீங்க."

பிள்ளையாருக்குக் கொஞ்சம்

வெளியாட்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. கிரீனில் நாங்கள் பொத்திப் பொத்தி வளர்க்கிற புல் வேறு ஒன்றுமில்லை, அருகம்புல்லின் ஜாதிதான். என்ன, கொஞ்சம் மெலிந்த, செல்லம் கொடுத்த ஜாதி. ஒரு சங்கடஹர சதுர்த்தியன்று காலையில் வேலிக்கு வெளியே ஒரு பெரியவர் ஸ்கூட்டரை நிறுத்தினார். விஜயநகரில் வீடாம், பென்ஷன்காரர், கையில் பிளாஸ்டிக் கவர். "இத்தனை அருகு இருக்கு, ஒரு கைப்பிடி குடும்மா" என்றார். பூஞ்சைக்கு மருந்து அடித்திருக்கிறோம், சாமிக்கு வைக்கக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. மனசு கேட்காமல், மருந்து படாத வேலி ஓரத்துக்குப் போய் நல்ல அருகாகக் கிள்ளிக் கொடுத்தேன். அந்த இடத்தில் நாள் முழுக்க வெயில், தண்ணீர் கூட விடுவதில்லை, அப்படியே கொழுகொழுவென்று நிற்கும்.

அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, வீட்டில் பால்கனித் தொட்டியில் வைத்த அருகு மட்டும் மஞ்சளாகவே இருக்கிறதே என்று கேட்டார். "வெயில் பத்தலைங்கய்யா, இந்தப் புல்லுக்கு நிழலே ஆகாது" என்றேன். தூரத்தில் தெரிந்த ஏழாம் கிரீனைக் காட்டி, "அங்க ஏன் சொட்டை சொட்டையா இருக்கு?" என்றார். "அங்கயும் வெயில் பத்தலை" என்றேன். அவர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, யோசித்து, மறுபடி நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"பிள்ளையாருக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாதுன்னா, பின்னே யாருக்கும்மா அந்த அருகு?"

பச்சை அடித்த கதை

வட்டங்கள் குறையவில்லை. மெம்பர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் கிளப் செக்ரட்டரிக்கு ஒரு யோசனை வந்தது. வெளிநாட்டில் எல்லாம் குளிர்காலத்தில் புல்லுக்குப் பச்சை அடிக்கிறார்களாம், புல்லுக்குக் கெடுதல் இல்லாத சாயமாம். ஒரு கேன் வரவழைத்துவிட்டார். நான் வேண்டாம் என்றேன். "சும்மா டிரை பண்ணிப் பாருங்க மேடம்" என்றார். சும்மா என்று சொல்லி வருகிற வேலை எதுவுமே சும்மா முடிவதில்லை என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு மத்தியானம் அடித்தோம். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், சாயங்காலம் பார்க்க அப்படி ஒரு அழகு. கல்யாண மேடையில் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது. சாயம் முழுசாகக் காய வெயில் வேண்டும், அந்த வெயில்தான் அங்கே வராதே, அதை யாரும் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் பனி இறங்கி, சாயமும் ஈரமும் கலந்து கிடந்த புல்மேல் பந்து உருண்டது. வாரம் தவறாமல் ஆட வருகிற டீச்சரம்மா ஒருவர், ரிட்டையர் ஆனவர், பந்தைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார். ஒரு கன்னம் வெள்ளை, ஒரு கன்னம் பச்சை. கோபமே இல்லாமல், பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கிற குரலில் சொன்னார்:

"மேடம், உங்க கிரீன் பாதி எங்கிட்ட வந்துடுச்சு. மீதிய எங்க வச்சிருக்கீங்க?"

மணலில் நடந்த விருந்தாளி

கிரீனுக்கு அந்தப் பக்கம் மணல் நிரப்பிய பள்ளம் ஒன்று உண்டு, பங்கர் என்பார்கள். பந்து அதில் விழுந்தால் ஆடுகிறவர் பாடு திண்டாட்டம். ராத்திரி எது நடந்து போனாலும் அதில் எழுதி வைத்த மாதிரி இருக்கும். மயில், கீரி, முயல் எல்லாம் எங்களுக்குப் பழக்கம். மார்கழி பிறந்த வாரம் ஒரு நாள் ரத்னக்கா மணலை வார வந்து அப்படியே நின்றுவிட்டார். நானும் போய்ப் பார்த்தேன். நகம் தெரியாத வட்டமான காலடி, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் பள்ளத்தைத் தாண்டிப் போயிருந்தது. மலைப் பக்கமிருந்து சிறுத்தை.

வனத்துறைக்குச் சொன்னோம், கூண்டு வைத்தார்கள், அது இந்தப் பக்கம் மறுபடி வரவே இல்லை. ஆனால் வெயில் நன்றாக ஏறும்வரை யாரும் மைதானத்துக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. நியாயம்தான், ஆனால் அத்தனை நாளும் பனி தட்ட ஆளில்லை. ஏழாம் கிரீனில் வட்டத்தோடு வட்டம் கைகோத்துக்கொண்டது. பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. உத்தரவு தளர்ந்த பிறகும் யாரும் உள்ளே போகத் துணியவில்லை. கடைசியில் ரத்னக்காதான், "சிறுத்தைக்கு நம்மளப் பாத்தா, நமக்கு அதப் பாத்தா, ரெண்டு பேருத்துக்கும் பயந்தானுங்களே" என்று சொல்லி, மாதேஷைத் தகர டின்னோடு முன்னால் நடக்கவிட்டு, பின்னால் கழியை வீசிக்கொண்டு வந்தார். இந்த ஊர்வலத்தைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது.

காலடி தெரிந்த அந்த முதல் நாள் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டிலேயே எல்லோரையும் நிறுத்திச் சிறுத்தை வந்த விஷயத்தைச் சொன்னேன். பாதிப் பேர் காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு மெம்பர் மட்டும் இறங்கி வந்து, முகத்தில் பெரிய கவலையோடு கேட்டார்:

"மேடம், மத்தியானம் ஆடலாம் இல்லையா? பால் அந்தக் காலடிக்குள்ள விழுந்தா எடுத்து வெளிய வைக்கலாமா, இல்ல அங்கேருந்தே அடிக்கணுமா?"

பங்கருக்கு வந்த வெயில்

யோசனை யாருடையது என்பதில் இன்று வரைக்கும் தகராறு. நான் என்கிறேன், மாதேஷ் தான் என்கிறான், ரத்னக்கா தன் டிபன் மூடி என்கிறார். நடந்தது இவ்வளவுதான். மத்தியானம் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இலைகளுக்கு நடுவே ஒரு சந்து வழியாக வெயில் வந்து ரத்னக்காவின் மூடிமேல் விழுந்து கண்ணைக் குத்தியது. மூடியை நகர்த்தினார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். மரத்தை எதற்கு வெட்ட வேண்டும்? காலை வெயில் வருகிற வழியில் மட்டும் ஒரு ஜன்னல் வெட்டினால் போதாதா?

நரசிம்மன் சாரிடம் ஓடினேன். கேட்டுக்கொண்டார், மறுக்கவில்லை. கிளை கழிக்கவும் அனுமதி வாங்கித் தந்தார். மறுநாள் காலையில் அவர், நான், செக்ரட்டரி என்று கிரீன்மேல் நின்றுகொண்டு, சூரியனை மறைக்கிற கிளையைக் குடையால் காட்டினோம். மாதேஷ் வேலை செய்வதைப் பார்க்கணும் நீங்கள். முதலில் கிளைக்கு அடிப்பக்கம் ஒரு வெட்டு, பட்டை உரிந்து மரத்தோடு கிழியாமல் இருக்க. பிறகு மேலே. கிளை முறிவதற்கு முன்னாலேயே கயிற்றில் கட்டியிருப்பான், குழந்தையைத் தொட்டிலிலிருந்து இறக்குகிற மாதிரி இறக்குவான். கீழே புல்லில் ஒரு தழும்பு விழாது. வெட்டின இடத்தில் மருந்துப் பசை தடவிவிட்டுத்தான் இறங்குவான். எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, இன்னும் எனக்கு வாய் திறந்துவிடும்.

அடுத்த நாள் காலையில் எல்லோரும் ஆவலாகப் போய் நின்றோம். வெயில் வந்தது. ஜன்னல் வழியாக அழகாக, தங்கமாக, பளிச்சென்று வந்தது. வந்து, கிரீனை ஒரேயடியாகத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் பங்கர் மணலில் விழுந்தது. கிரீன் இருட்டிலேயே கிடந்தது. சங்கராந்திக்குச் சில வாரங்களே மிச்சம், மரத்தில் எத்தனை கிளையைத்தான் குருட்டாம்போக்கில் கழிக்க முடியும்? நரசிம்மன் சார் குடையை மடக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டார். மரத்தின் கதை முடிந்தது என்றே நினைத்தேன். ரத்னக்கா கழியை ஊன்றிக்கொண்டு மணலைப் பார்த்தார்:

"ஏங்கண்ணு, மணலு நல்லாக் குளிர் காயுது. புல்லு பாத்துக்கிட்டு இருக்குது."

மிதிக்காதேள்

மறுநாள் நான் போனபோது நரசிம்மன் சாரின் கார் எனக்கு முன்னாலேயே நின்றிருந்தது. ஆள் ஏழாம் கிரீன் ஓரத்தில். ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்திருந்தார். ரத்னக்காவிடம், "பனி தட்டியாச்சா?" என்று கேட்டார். ஆச்சுங்க என்றதும், அந்தக் கத்தி மடிப்புப் பேன்ட்டோடு, இஸ்திரி போட்ட சட்டையோடு, கிரீன்மேல் மெதுவாக முழங்கால் போட்டு, அப்படியே குப்புறப் படுத்துக் கன்னத்தைப் புல்லில் வைத்தார். நாங்கள் பதறிப்போய் ஓடினோம்.

"நாம எல்லாரும் நின்னுண்டு பாத்தோம் செல்வி" என்றார், படுத்தபடியே. "நம்ம கண்ணுக்குத்தான் வெயில் வந்தது. கண்ணைத் தாண்டினா அது கீழே எறங்கி எங்கே போய் விழும்? பங்கர்லதான். புல்லு படுத்துண்டுன்னா இருக்கு. ராத்திரி தூக்கமே வரலை, இவ்வளவு வருஷம் ஃபாக்டரியில மட்டம் பாத்த எனக்கு இது தோணலையேன்னு." நான் உடனே அவருக்குப் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். உண்மைதான். தரையிலிருந்து பார்த்தால் சூரியனை மறைப்பது வேறு கிளை, ஓர் ஆள் உயரம் கீழே. நாங்கள் கழித்தது அதற்கு மேலே இருந்த அப்பாவி.

அதன் பிறகு நடந்ததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். மாதேஷ் மேலே, கையில் ரத்னக்காவின் பழைய சிவப்புப் புடவைக் கிழிசல்கள். நரசிம்மன் சார் கீழே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "கீழ... இன்னும் கீழ... அதுக்கு இடது கைப் பக்கம்..." மாதேஷ் ஒவ்வொரு கொம்பாகத் தொட்டுக் காட்டுவான், இதுதான் என்றதும் துணி கட்டுவான். சூரியன் நகர நகர இவரும் கிரீனில் புரண்டு புரண்டு நகர்ந்தார். மரத்தை எடுத்துவிடச் சொன்ன அதே மனிதர், "அந்தப் பெரிய கொம்பு வேண்டாம்ப்பா, அதைத் தொடாதே, பக்கத்துல இருக்கற சின்னது போதும்" என்று கிளைக்குக் கிளை பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு இருந்த பயமெல்லாம் அன்று காலையோடு போயிற்று, அதற்குப் பதிலாக வந்தது மரியாதை.

இதற்குள் ஆட வந்தவர்களுக்கு, தலைவர் கிரீனில் விழுந்து கிடக்கிறார் என்று செய்தி போய்விட்டது. மெம்பர்களில் ஒரு டாக்டர், கோல்ஃப் பையைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடி வந்து, நாடி பார்க்கக் கையைப் பிடித்தார். கையை உதறிக்கொண்டு, கண்ணை மரத்திலிருந்து எடுக்காமலே நரசிம்மன் சார் சொன்னார்:

"டாக்டர், நான் இப்போ நரசிம்மன் இல்லை, புல்லு. மிதிக்காதேள்."

போட்டி நாள்

சிவப்புத் துணி கட்டின கொம்புகளை மட்டும் மாதேஷ் இறக்கினான். மரம் கொஞ்சம்கூட மொட்டையாகத் தெரியவில்லை, முடி வெட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மறுநாள் காலை வெயில் ஜன்னல் வழியாக இறங்கி, ஏழாம் கிரீன்மேல் பாய் விரித்த மாதிரி விழுந்தது. ரத்னக்கா கழியைக் கீழே வைத்துவிட்டு வெயிலைப் பார்த்துக் கும்பிட்டார். அவருக்குத்தான் அதிக நன்றி, தட்டிய பனி இனிமேல் நிஜமாகவே காயும்.

ஆனால் வெயில் வந்துவிட்டால் உடனே புல் வந்துவிடுமா? குளிரில் அருகு சோம்பேறி. தினமும் போய்க் குனிந்து பார்ப்பேன். நரசிம்மன் சாரும் வருவார், அவரும் குனிந்து பார்ப்பார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போய்விடுவோம். மரத்தை எடுக்கிற பேச்சை அவர் வாபஸ் வாங்கவில்லை, வாங்க முடியாது. கமிட்டியில் மற்றவர்களுக்கு அவர் கொடுத்த வாக்கு, போட்டிக்குள் கிரீன் தேற வேண்டும் என்பது. ஒரு நாள் காலையில் செத்த வட்டத்தின் ஓரத்திலிருந்து மெல்லிசாக ஒரு கொடி, நூல் அளவுதான், நடுவே கை நீட்டியிருந்தது. நான் மாதேஷைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் வாய் விட்டுச் சிரித்தான். பிறகு கொடிமேல் கொடியாக ஓடி, சங்கராந்திக்கு வீட்டுக்கு வீடு எள்ளும் வெல்லமும் கொடுத்துக்கொண்ட நாளில், வட்டம் எங்கே இருந்தது என்று எனக்கே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

போட்டியன்று நாங்கள் மூன்று பேரும் மரத்தடியில் ஒதுங்கி நின்றோம். வெளியூர் ஆட்கள் வந்தார்கள், ஆடினார்கள், போனார்கள். பந்து ஏழாம் கிரீனில் நேராக உருண்டது. யாரும் நிற்கவில்லை, யாரும் குனியவில்லை, மேலே அண்ணாந்து மரத்தையும் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் பெங்களூரிலிருந்து வந்த பெரிய ஆட்டக்காரர் ஒருவரிடம் நரசிம்மன் சார் பேச்சு வாக்கில், "ஏழாவது எப்படி இருந்தது?" என்று கேட்டார். அவர் யோசித்தார். மூன்றாவதில் மேடு நல்லாயிருந்தது, பன்னிரண்டில் தண்ணீர் கஷ்டம் என்றெல்லாம் ஞாபகம் வந்தது, ஏழாவது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. "ஏழாவதா? அதுல என்ன சார் இருக்கு, சாதாரணமாத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நரசிம்மன் சார் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. மைதானத்தைக் குறுக்கே கடந்து மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. ஒரு கையை மரத்தின்மேல் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்:

"கேட்டேளா? சாதாரணமா இருந்ததாம்! சாதாரணமா!"

அடுத்த பனிக்குள் மரம் தழைத்து அந்த ஜன்னலை மூடிவிடும் என்பதால், மைசூரில் யாராவது காலை வேளையில் புல்மேல் குப்புறக் கிடப்பதைப் பார்த்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டாம், அது நாங்கள்தான்.